செம்பா, இண்டியமா, துத்தநாக-சிர்கோனியாவா: மெத்தனாலுக்கு எந்த மேற்பரப்பை நம்புவது?

கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து மெத்தனால் எடுக்க ஒரு வினையூக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வேட்டுக்காக இருக்கலாம், ஒரு சின்ன பைலட் யூனிட்டுக்காகவும் இருக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் திறந்தால் ஒவ்வொன்றும் தன் பொடிதான் உசத்தி என்கிறது. ஒருவர் செம்பின் படிகளைப் பற்றிப் பேசுகிறார், அடுத்தவர் ஆக்சிஜன் காலியிடம், அதாவது ஆக்சைடில் ஒரு ஆக்சிஜன் அணு விட்டுப்போன ஓட்டை, என்கிறார், மூன்றாமவர் படிக முகத்தை மாற்றினேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று மின்நுண்ணோக்கிப் படம் போடுகிறார். இதையெல்லாம் படித்துக் குழம்பியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் பாடுபட்டுத் தயாரித்த மேற்பரப்புக்கு நான் அதிக மதிப்பெண் தருவதில்லை. 50 பார் ஹைட்ரஜனும் சுடு நீராவியும் சேர்ந்து அடிக்கும்போது அந்தப் பொடியின் மேல் என்ன மிஞ்சி நிற்கிறது என்பதை வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

முதலில் வேதியியல் நம்மை எங்கே மாட்டிவைக்கிறது என்று பார்ப்போம். ஒரு கார்பன் டை ஆக்சைடு, மூன்று ஹைட்ரஜன், வெளியே வருவது ஒரு மெத்தனால், ஒரு தண்ணீர். மோலுக்குச் சுமார் 49 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும் வினை இது, அதனால் வெப்பநிலை குறையக் குறைய, அழுத்தம் ஏற ஏற சமநிலை நமக்குச் சாதகம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு லேசில் அசையாத ஆசாமி, அதை அசைக்கச் சூடு வேண்டும். சூட்டை ஏற்றினால் பக்கத்திலேயே காத்திருக்கும் இன்னொரு வினை, அதாவது கார்பன் டை ஆக்சைடு கார்பன் மோனாக்சைடாக மாறி ஒரு தண்ணீரையும் விட்டுவிட்டு ஓடும் வினை, கொழுத்துவிடும். அது மோலுக்குச் சுமார் 41 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும் வினை என்பதால் சூடு அதற்குத் தீனி. ஆக மேற்பரப்பு செய்ய வேண்டிய வேலை மூன்று: ஹைட்ரஜனை உடைக்க வேண்டும், கார்பன் டை ஆக்சைடை வளைத்துப் பிடிக்க வேண்டும், பாதி வழியில் அது மோனாக்சைடாகக் கழன்று போகாமல் கடைசிவரை பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். நான்காவதாக ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மெத்தனாலுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு பிறக்கிறது, அந்தத் தண்ணீரிடமிருந்தும் மேற்பரப்பு தப்பிக்க வேண்டும்.

சரி, செம்பிலிருந்து ஆரம்பிப்போம். ஒரு பழங்கதை சொல்லாமல் இதை ஆரம்பிக்க முடியாது. 1923-ல் பிஏஎஸ்எஃப் என்ற வேதி நிறுவனம் ஜெர்மனியில் முதன்முதலாகப் பெரிய அளவில் மெத்தனால் செய்தபோது அதில் செம்பே கிடையாது, துத்தநாக ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும்தான். வேலை நடந்தது, ஆனால் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு, 250 முதல் 350 பார் வரை அழுத்தம். செம்பு இன்னும் குறைந்த சூட்டிலேயே வேலை செய்யும் என்று அப்போதும் தெரியும், ஆனால் நிலக்கரியிலிருந்து வந்த வாயுவில் இருந்த கந்தகம் அதைக் கொன்றுவிடும். சுத்தமான வாயு கிடைக்க ஆரம்பித்த பிறகு, 1966-ல் ஐசிஐ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றையும் சேர்த்து, 200 முதல் 300 டிகிரிக்குள், 50 முதல் 100 பாருக்குள் வேலையை முடித்துக் காட்டியது. பழைய ஆக்சைடு வழி மெல்ல மெல்ல மூட்டை கட்டியது. இப்போது கார்பன் டை ஆக்சைடை நேரடியாகப் போட வேண்டும் என்ற நிலை வந்ததும் அதே ஆக்சைடுகள் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன, அதுதான் இந்த ஒப்பீட்டின் வேடிக்கை.

செம்பின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டால், வழவழப்பான செம்பு, அதாவது அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய (111) முகம் (இந்த எண்கள் படிகத்தை எந்தத் திசையில் வெட்டிய முகம் என்பதைச் சொல்பவை), மெத்தனாலுக்கு ஒன்றும் பெரிதாக உதவாது. அணு அடுக்கு உடைந்து படிபோல இறங்கும் இடங்கள்தான் வேலை செய்கின்றன. 2012-ல் பெஹ்ரன்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் தொழிற்சாலை வினையூக்கியையே எடுத்துப் பார்த்தார்கள். செம்புத் துகள்களுக்குள் இருக்கும் அடுக்குப் பிழைகள் மேற்பரப்பில் படிகளாக வெளிப்படுகின்றன, அந்தப் படிகளில் துத்தநாக அணுக்கள் வந்து உட்காரும்போது ஆக்சிஜன் வழியாகப் பிடித்துக்கொள்ளும் இடைநிலைகள் உறுதியாக நிற்கின்றன என்று காட்டினார்கள். அதாவது பக்குவமில்லாத, குறையுள்ள செம்புதான் நல்ல செம்பு. அதற்குப் பல காலம் முன்பே, 1980-களில், ஐசிஐ ஆட்கள் கதிரியக்கக் கார்பனை வைத்து மெத்தனாலில் இருக்கும் கார்பன் அணு, மோனாக்சைடிலிருந்து வருவதில்லை, டை ஆக்சைடிலிருந்துதான் வருகிறது என்று காட்டிவிட்டார்கள். வாயுவில் மோனாக்சைடு நிறைய இருந்தாலும் கதை இதுதான்.

அப்புறம் சண்டை வந்தது. துத்தநாகம் உலோகமாகச் செம்போடு கலந்து வேலை செய்கிறதா, இல்லை ஆக்சைடாக ஒட்டியிருந்து, செம்பும் ஆக்சைடும் சந்திக்கும் கரையில் வேலை நடக்கிறதா? 2017-ல் கட்டெலும் மற்றவர்களும், துத்தநாகம்-செம்புக் கலவையாக ஆரம்பித்த மேற்பரப்பு வினை நடக்க நடக்க ஆக்சிஜனேற்றமடைந்து ஆக்சைடாகிவிடுகிறது, அந்தக் கரையில் ஃபார்மேட் என்ற இடைநிலை உருவாவதுதான் முக்கியம் என்றார்கள். 2022-ல் ஆமனும் குழுவினரும் வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே மேற்பரப்பை எக்ஸ்-கதிரால் பார்த்தபோது, டை ஆக்சைடு மட்டும் போனால் துத்தநாகம் ஆக்சைடாகவே நிற்பதும், மோனாக்சைடைச் சேர்த்தால் அது ஒடுங்கி, அதாவது ஆக்சிஜனை இழந்து, உலோகமாகச் செம்போடு சேர ஆரம்பிப்பதும் தெரிந்தது. என்னைக் கேட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் தங்கள் வாயுவுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். தேர்வு செய்பவருக்கு இதில் கிடைக்கும் சேதி, செம்பின் மேற்பரப்பை உங்கள் ஊட்ட வாயுதான் எழுதுகிறது என்பது.

அதனால்தான் ஊட்டத்தில் கணிசமாக மோனாக்சைடு இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு செம்பைத்தான் சொல்வேன். மோனாக்சைடு தண்ணீரைத் தின்றுவிடும், மேற்பரப்பு ஒடுங்கிய நிலையில் இருக்கும், கடையில் கிடைக்கும் வினையூக்கி வருடக்கணக்கில் ஓடும். சுத்தமான டை ஆக்சைடைப் போட்டால்தான் சிக்கல். தண்ணீர் நிறைய வருகிறது, அது துத்தநாக ஆக்சைடைப் பெரிய படிகங்களாக வளர்க்கிறது, செம்புத் துகள்களும் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துவிடுகின்றன, படிகள் குறைகின்றன, கரை சுருங்குகிறது. செம்பு 1085 டிகிரியில்தான் உருகும் என்றாலும் அதன் நுண்துகள்கள் அசைய அவ்வளவு சூடு தேவையில்லை, 300 டிகிரியைத் தாண்டினாலே ஆட்டம் கண்டுவிடும். தேர்வுத்திறனும், அதாவது மாறிய வாயு எதுவாக மாறுகிறது என்ற கணக்கும், சூடு ஏறியதும் மோனாக்சைடு பக்கம் சாயும்.

துத்தநாக ஆக்சைடின் உருவத்தை மாற்றி இதைச் சமாளிக்கலாம் என்ற ஒரு கூட்டம் உண்டு. தட்டு வடிவப் படிகங்களில் முனைவுள்ள (0001) வகை முகங்கள் வெளியே தெரியும், குச்சி வடிவத்தில் முனைவற்ற பக்க முகங்கள்தான் அதிகம். தட்டுகளின் மேல் செம்பைப் போட்டால் மெத்தனால் தேர்வுத்திறன் கூடுகிறது என்று 2011-லேயே காட்டியிருக்கிறார்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் நானும் ஒருமுறை அழகழகாக அறுகோணத் தட்டுகள் செய்து, பல நாள் வினையில் விட்டு, வெளியே எடுத்து மின்நுண்ணோக்கியில் பார்த்தேன். மூலைகள் மழுங்கி, தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தன. முதல் நாள் எடுத்த எண்ணை வைத்து முகத்துக்குப் பெருமை சேர்ப்பதில் எனக்கு அன்றோடு ஆர்வம் போய்விட்டது.

இண்டியம் ஆக்சைடு கதை முற்றிலும் வேறு. இங்கே உலோகமே தேவையில்லை. ஹைட்ரஜன் மேற்பரப்பில் இருந்து ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கித் தண்ணீராக்கிக்கொண்டு போகிறது, அந்த ஓட்டையில் கார்பன் டை ஆக்சைடின் ஒரு ஆக்சிஜன் போய்ச் சொருகிக்கொள்கிறது, ஹைட்ரஜன்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன, மெத்தனால் கிளம்புகிறது, ஓட்டை நிரம்பிவிடுகிறது, மறுபடி ஹைட்ரஜன் வந்து அதைத் திறக்கிறது. ஓட்டை திறந்து மூடும் இந்தச் சுழற்சியை 2013-லேயே கணினிக் கணக்கில், இண்டியம் ஆக்சைடின் (110) முகத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். 2016-ல் சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் பெரெஸ்-ராமிரெஸ் குழு அதைச் சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு, மேல் படியவைத்து, 300 டிகிரி, 50 பாரில், மெத்தனால் தவிர வேறெதுவும் பேர் சொல்லும்படி வராமல், 1000 மணி நேரம் ஓட்டிக் காட்டியபோது பலருக்கும் தூக்கிவாரிப் போட்டது. அதே நிலைமையில் செம்பு மோனாக்சைடாகக் கொட்டிக்கொண்டிருக்கும்.

ஹைட்ரஜன் உடையும் விதமும் இதற்கு ஒரு காரணம். உலோகத்தின் மேல் ஹைட்ரஜன் இரண்டு சமப் பாதியாக உடையும். ஆக்சைடின் மேல் ஒரு பாதி நேர்மின்னோடு ஆக்சிஜனில் உட்காரும், மறு பாதி எதிர்மின்னோடு உலோக அயனியில் உட்காரும். அந்த எதிர்மின் ஹைட்ரஜனுக்குக் கார்பனைத் தாக்குவது பிடித்தமான வேலை.

சிர்கோனியா இங்கே இண்டியம் ஆக்சைடைச் சுமக்கும் வெறும் தாங்கி இல்லை. அதிலும் ஒற்றைச்சரிவுப் படிக அமைப்புள்ள சிர்கோனியாவுக்கும் நாற்கோண அமைப்புள்ளதற்கும் இடையே வித்தியாசம் பெரிது. ஒற்றைச்சரிவு வகையின் மேல் இண்டியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படர்ந்து, அடியிலிருக்கும் அணிக்கோவை, அதாவது அணுக்களின் ஒழுங்கான அடுக்கு, இழுப்பதால் கொஞ்சம் விரிந்து நிற்கிறது, விரிந்தால் ஆக்சிஜன் எளிதாகக் கழலும், ஓட்டைகள் அதிகம். படிக முகத்தைப் பற்றிக் கேட்டால், வழக்கமான கனசதுர வகையில் (111) முகம்தான் நிலையானது. 2020-ல் ஒரு குழு அறுகோண வகை இண்டியம் ஆக்சைடைச் செய்து, அதன் (104) முகம் இன்னும் நன்றாக வேலை செய்வதாகக் கணக்கிலும் சோதனையிலும் காட்டியது. எனக்கு அதில் பிடித்த விஷயம், முதலில் கணக்குப் போட்டு எந்த முகம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் அதைத் தயாரித்த முறை.

இனி இண்டியத்தின் பலவீனம். ஓட்டை திறப்பது எங்கே நிற்க வேண்டும் என்று ஹைட்ரஜனுக்குத் தெரியாது. சூடு அதிகமானாலோ, தாங்கி சரியில்லை என்றாலோ, வாயுவில் மோனாக்சைடு நிறைய இருந்தாலோ ஆக்சிஜன் முழுக்கப் பறிபோய் இண்டியம் உலோகமாகிவிடும். இண்டியம் உலோகம் 157 டிகிரியில் உருகும், நாம் ஓட்டுவதோ 300 டிகிரியில். ரியாக்டருக்குள் திரவமாகத் திரண்டு ஓடிப்போன ஒன்றைத் திரும்பவும் நல்ல ஆக்சைடாக விரித்துவைப்பது நடக்கிற காரியமா? இன்னொரு பக்கம் தண்ணீர் ஓட்டைகளை அடைக்கிறது, துகள்களைப் பருக்கவைக்கிறது. ஹைட்ரஜனை உடைக்கும் வேகம் போதவில்லை என்று பல்லேடியம் சேர்ப்பார்கள். அது இண்டியத்தின் அணிக்கோவைக்குள் தனித்தனி அணுக்களாகவோ மிகச் சின்னக் கொத்துகளாகவோ இருக்கும்வரை லாபம், கட்டிகளாகத் திரண்டால் மோனாக்சைடு வர ஆரம்பித்துவிடும். எவ்வளவு போடுகிறோம் என்பதைவிட எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

இண்டியம் தனியாகத் தோண்டி எடுக்கும் உலோகமும் இல்லை. துத்தநாகத் தாது சுத்திகரிப்பில் துணைப்பொருளாகக் கிடைப்பது, அதற்கும் தொடுதிரைக்காரர்கள் வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். ஆய்வகத்தில் சில கிராம் வாங்குபவருக்கு இது கவலையில்லை. டன் கணக்கில் நிரப்ப நினைப்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் துத்தநாகம்-சிர்கோனியம் திடக்கரைசல். 2017-ல் சீனாவின் தாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தில் இருந்து வந்தது. பார்க்க ஒன்றும் இருக்காது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் துத்தநாக ஆக்சைடே தெரியாது, சிர்கோனியாவின் கோடுகள் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். துத்தநாக அணுக்கள் சிர்கோனியத்தின் இடங்களுக்குள் கரைந்து போயிருக்கின்றன என்று அர்த்தம். தனித் துத்தநாக ஆக்சைடு இந்த வேலையில் மந்தம், தனிச் சிர்கோனியா அதைவிட மந்தம். இரண்டும் அணுவுக்கு அணு பக்கத்தில் உட்கார்ந்தால், துத்தநாகத்தில் ஹைட்ரஜன் உடைகிறது, அடுத்த சிர்கோனியத்தில் கார்பன் டை ஆக்சைடு பிடிபடுகிறது, இரண்டுக்கும் நடுவே கைமாறல் நடக்கிறது. 50 பாரில், 315 - 320 டிகிரியில், ஒருமுறை ஓட்டத்தில் டை ஆக்சைடில் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் மாறி, அதில் 86 முதல் 91 சதவீதம் மெத்தனாலாக வந்ததாகச் சொன்னார்கள். 500 மணி நேரத்துக்கு மேல் சரிவில்லை. கந்தக டை ஆக்சைடோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ 50 பிபிஎம் வந்தபோதும் தாங்கியது. செம்புக்காரர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம் அது.

துத்தநாகத்தை அள்ளிக் கொட்டினால் அது கரையாமல் தனித் துகளாகப் பிரியும், அந்த அக்கம்பக்கம் உடையும், தேர்வுத்திறனும் விழும். அதனால் தயாரிப்பில் முகத்தைச் செதுக்கும் வேலை இல்லை என்றாலும் சீராகக் கலக்கும் வேலை இருக்கிறது. கூட்டுவீழ்படிவில், அதாவது இரண்டு உலோகங்களையும் கரைசலிலிருந்து ஒன்றாகப் படியவைக்கும்போது, காரத்தன்மை நிலையைக் கவனிக்காமல் விட்டால் முதல் தொகுதிக்கும் இரண்டாம் தொகுதிக்கும் சம்பந்தமே இருக்காது. துத்தநாகத்துக்குப் பதில் காலியம், காட்மியம் போட்டாலும் இதே மாதிரி வேலை செய்வதை அதே குழு காட்டியது. காட்மியத்தை யார் ரியாக்டரில் ஏற்ற ஒப்புக்கொள்வார்கள் என்பது வேறு கேள்வி.

குறை என்னவென்றால் சூடு. 300 டிகிரிக்கு மேல் போனால்தான் இது சோம்பல் முறிக்கிறது, அந்தச் சூட்டில் சமநிலை அனுமதிக்கும் மெத்தனால் அளவே சுருங்கிவிடுகிறது. வாயுவைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும், கம்ப்ரசருக்குச் செலவு. ஆனால் மெத்தனாலோடு நிற்காமல் அதே ரியாக்டரில் ஜியோலைட்டை (நுண்துளைகள் உள்ள இன்னொரு வினையூக்கி) சேர்த்து, எத்திலீன் போன்ற ஒலிஃபின் வரை போக நினைப்பவருக்கு இதே சூடு வரம். ஜியோலைட்டுக்கும் அந்த வெப்பநிலைதான் தோது, செம்பை அங்கே கூட்டிப்போக முடியாது. அந்த நிறுவனத்தின் ஆட்கள் சூரிய மின்சாரத்தில் பிரித்த ஹைட்ரஜனை வைத்து லான்ஜோவில் ஆண்டுக்கு 1000 டன் அளவில் ஒரு செயல்விளக்க ஆலையை 2020-ல் ஓட்டிக் காட்டினார்கள், ஆக இது வெறும் ஆய்வகச் சரக்கும் இல்லை.

சீரியாவை, அதாவது சீரியம் ஆக்சைடை, இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை, ஆனாலும் இரண்டு வார்த்தை. மேற்பரப்பு அமைப்பைப் படிக்க அதைவிட நல்ல கரும்பலகை கிடையாது. குச்சியாக வளர்த்தால் (110) முகம், கனசதுரமாக வளர்த்தால் (100), எண்முகியாக வளர்த்தால் (111), அதே வரிசையில் ஆக்சிஜனைக் கழற்றுவதும் கடினமாகிக்கொண்டே போகும். ஒரே பொருள், மூன்று முகம், சுத்தமான ஒப்பீடு. 2014-ல் செம்பின் (111) முகத்தின் மேல் சீரியா நுண்துகள்களைத் தூவி, வெறும் செம்பைவிட 200 மடங்கு வேகம் என்றார்கள். உண்மைதான், ஆனால் வகுக்கும் எண்ணைப் பாருங்கள்: அந்த (111) செம்பு மெத்தனாலுக்கு எவ்வளவு மோசம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஓட்டை அதிகமானால் மெத்தனால் அதிகம் என்ற நேர்க்கணக்கும் கிடையாது. பிடி ரொம்ப இறுகினால் கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டாக ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும்.

கட்டுரைகளை ஒப்பிடும்போது இரண்டு இடத்தில் ஏமாறாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று, ஆக்சிஜனின் எக்ஸ்-கதிர் ஒளிமின் நிறமாலையில் 531 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் வரும் மேட்டை ‘காலியிடம்’ என்று பெயரிட்டு அதன் பரப்பளவை வைத்துக் கதை கட்டுவது. இல்லாத ஆக்சிஜன் எப்படி ஒரு சிகரம் தரும்? பெரும்பாலும் அது மேற்பரப்பு ஹைட்ராக்சிலும் கார்பனேட்டும்தான். இரண்டு, தேர்வுத்திறனை வெவ்வேறு மாற்ற அளவில் ஒப்பிடுவது. வாயுவைப் படுவேகமாக ஓட்டி 1 சதவீதம் மட்டும் மாற்றினால் தண்ணீரும் அவ்வளவாக வராது, எந்தப் பொடியும் உத்தமனாகத் தெரியும்.

உபகரணத்தையும் சந்தேகியுங்கள். ஊட்டத்தில் கொஞ்சம் மோனாக்சைடு சேர்த்து ஓட்டியபோது எனக்கு மீத்தேன் மெல்ல ஏறிக்கொண்டே போனது. மேற்பரப்பு உடைகிறது, புதிதாக ஏதோ முகம் வெளிவருகிறது என்றெல்லாம் இரண்டு வாரம் கற்பனை பண்ணினேன். கடைசியில் பார்த்தால் எஃகு சிலிண்டரில் நாள்பட இருந்த மோனாக்சைடு இரும்புக் கார்போனைலைச் சுமந்துவந்து என் வினையூக்கி மேல் இரும்பைப் படியவைத்திருக்கிறது. சிலிண்டருக்கும் ரியாக்டருக்கும் நடுவே ஒரு கார்பன் பொறி வைத்ததும் மீத்தேன் காணாமல் போனது.

சரி, முடிவு. மோனாக்சைடு கலந்த, கந்தகம் நீக்கிய வாயு, 220 முதல் 260 டிகிரி என்றால் செம்பு-துத்தநாகம்-அலுமினா, விவாதமே வேண்டாம், உங்கள் மூளையை வேறு எதற்காவது செலவழியுங்கள். சுத்தமான டை ஆக்சைடு, மெத்தனால் மட்டும் வேண்டும், மோனாக்சைடு எட்டிப் பார்க்கக் கூடாது, அளவும் சிறியது என்றால் ஒற்றைச்சரிவுச் சிர்கோனியா மேல் இண்டியம் ஆக்சைடு, வெப்பநிலைக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பகமாகச் செய்துகொள்ளுங்கள், ஒரு சூட்டுப்புள்ளி போதும் உலோகமாகத் திரள. புகைபோக்கியிலிருந்து வரும் அரைகுறைச் சுத்த வாயு, அடிக்கடி நின்று ஓடும் ஹைட்ரஜன், பின்னால் ஜியோலைட் என்றால் துத்தநாகம்-சிர்கோனியா. என் கைக்காசைப் போடச் சொன்னால் நான் இந்த மூன்றாவதில்தான் போடுவேன், உச்ச வேகத்தில் அது முதலிடம் இல்லை என்று தெரிந்தே. முகங்களின் பங்கைப் புரிந்துகொள்வதே உங்கள் ஆய்வின் நோக்கம் என்றால் சீரியாவை எடுங்கள், டன் கணக்கைப் பற்றிப் பேசாதீர்கள்.

எதை எடுத்தாலும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை போடுங்கள். 100 மணி நேரம் ஓட்டுங்கள், நடுவில் ஊட்டத்தோடு கொஞ்சம் நீராவியும் சேர்த்து விடுங்கள், ஒரு ராத்திரி ஹைட்ரஜனை நிறுத்திவிட்டுக் காலையில் மறுபடி திறங்கள், அப்போது பழைய வேகத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பயன்படுத்திய பொடியைக் குப்பையில் போட்டுவிடாமல் காற்றுப் படாதபடி எடுத்து மின்நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள், கூடவே புதுப் பொடியின் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.